புது சபைக்கு கமிட்டி எவ்வளவு வேணும்? பாஸ்டர் ஒரு மாசம் ஆஸ்பத்திரில கிடக்காருன்னு நெனச்சுப் பாருங்க

போன மாசம் நம்ம கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி போன் பண்ணான், தூரத்து சொந்தம். வீட்டு ஜெபமா ஆரம்பிச்சு இப்ப 14 குடும்பம் வருது, சபையா ஆக்கப் போறோம், நீங்க தான் கணக்கு வழக்கெல்லாம் பாத்த ஆளு, சபைக்கு சட்டதிட்டம், அதான் பைலா, ஒண்ணு எழுதித் தாங்கண்ணேன்னான். பதவி எல்லாம் பேசி முடிச்சாச்சான்னு கேட்டேன். தலைவரு பாஸ்டர், துணைத் தலைவரு, செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், தணிக்கையாளர், வாலிபர் பொறுப்பு, பாடகர் குழு பொறுப்பு, மீடியா பொறுப்புன்னு அடுக்கிட்டே போறான், எண்ணிப் பாத்தா 11. லேய் 14 குடும்பத்துக்கு 11 பதவின்னா மிச்சம் மூணு வீட்டுக்காரனும் அடுத்த வருஷம் வேற சபை பாத்துப் போயிருவான்லன்னு சொன்னேன், சிரிச்சான், ஆனா லிஸ்ட்ட மாத்தல.

நான் பெரிய படிப்பாளி ஒண்ணும் இல்ல. அப்பா சிஎஸ்ஐ, அதான் தென்னிந்தியத் திருச்சபைல கணக்கரா இருந்தாரு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோறு ஆறிப் போறது வரைக்கும் சில்லறை எண்ணுற வீட்டுல வளந்தவன். அப்புறம் தக்கலை பக்கம் ஒரு சின்ன தனிச் சபைல 9 வருஷம் பொருளாளர். ரெண்டு பக்கமும் பாத்ததுனால சொல்றேன், நம்ம மாவட்டத்துல புது சபை ஆரம்பிக்கிறவங்க ரெண்டே விதமா தான் தப்பு பண்றாங்க. ஒண்ணு, தான் வந்த பெரிய சபைய அப்படியே நகல் எடுக்கிறது. சிஎஸ்ஐல சேகரம், மாவட்டம், பேராயம், மேல சென்னைல சினாடுங்கிற தலைமை மன்றம்னு இருக்கு, அது 1947ல பல மிஷன் சபைங்க ஒண்ணா சேந்து உண்டான அமைப்பு, கன்னியாகுமரி பேராயம் தனியா ஆனது 1959ல, அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு எலும்பு வேணும். 14 குடும்பத்துக்கு வேண்டாம். இன்னொண்ணு, "ஆவியானவர் நடத்துவாரு, பேப்பர் எதுக்கு"ன்னு எல்லாத்தயும் பாஸ்டரோட சட்டைப் பையில வச்சிருக்கிறது. மொத வகைல சண்டை சீக்கிரம் வரும். ரெண்டாவது வகைல லேட்டா வரும், ஆனா வந்தா கோர்ட்டுல தான் போய் நிக்கும்.

அப்ப எவ்வளவு தான் வேணும்னா, நான் வச்சிருக்கிற ஒரே அளவுகோல் இது தான். பாஸ்டர் நாளைக்கு பைக்குல இருந்து விழுந்து ஒரு மாசம் ஆஸ்பத்திரில கிடக்காருன்னு வைங்க. அந்த நாலு ஞாயிறும் எதெல்லாம் நின்னு போகும்? கதவு திறக்க சாவி யார் கிட்ட, வாடகை யார் குடுப்பா, காணிக்கை யார் எண்ணுவா, கரண்டு பில்லு யார் கட்டுவா, செய்தி யார் குடுப்பா, வீட்டுல சாவு விழுந்தா யாருக்கு போன் பண்ணணும். இத ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஒரு ஆள் இல்லன்னா நின்னு போற காரியம் எத்தன இருக்கோ அத்தன இடத்துல ரெண்டாவது ஆள் ஒண்ணு போடணும். உங்களுக்கு இப்போதைக்கு வேண்டிய அமைப்பு அவ்வளவு தான். எது நிக்காதோ அதுக்கு பதவி வேண்டாம். மீடியா பொறுப்பாளர் ஒரு மாசம் வரலன்னா பேஸ்புக் லைவ் வராது, அதுனால யாரும் செத்துற மாட்டாவ.

நம்ம ஊர்லயே இதுக்கு நல்ல சாட்சி இருக்கு. ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயரு (பாஸ்டர நாங்க ஐயருன்னு தான் சொல்லுவோம்) மயிலாடில 1809ல கோயில் கட்டி, அங்கங்க சின்னச் சின்ன சபைங்கள உண்டாக்கி, உடம்புக்கு முடியாம 1816ல ஊர விட்டே போயிட்டாரு. அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வந்து சேந்தது 1818ல. நடுவுல ஏறக்குறைய ரெண்டு வருஷம் மிஷனரியே கெடையாது. ஆனா சபை கலையல, ஏன்னா போறதுக்கு முன்னாடி அவரு உள்ளூர் விசுவாசி மகராசன் வேதமாணிக்கத்த பொறுப்புல வச்சிட்டுத் தான் போனாரு, கூட உபதேசிமாரும் இருந்தாவ. ஒரு பொறுப்பாளி, அவரு கூட ஓடியாடி வேல செய்ய சில பேரு, தாங்கிருச்சு.

வேதத்துல பாத்தாலும் இதே கதை தான். அப்போஸ்தலர் 6ல ஏழு பேர எப்ப வைக்கிறாங்க? விதவைங்களுக்கு சாப்பாடு பங்கு வைக்கிறதுல ஒரு கூட்டத்த கவனிக்கலன்னு முறுமுறுப்பு வந்த அப்புறம் தான், அதுவும் அந்த ஒரு வேலைக்கு. யாத்திராகமம் 18ல மோசே காலைல இருந்து சாங்காலம் வரைக்கும் ஒத்தையா வழக்கு கேட்டுட்டு இருக்கிறதப் பாத்துட்டு எத்திரோ தான் ஆள் பிரிச்சு விடச் சொல்றாரு. அதும் மாமனாரு சொன்னதுனால மோசே கேட்டுக்கிட்டாரு போல. ரெண்டு எடத்துலயும் வலி வந்துச்சு, அப்புறம் ஆள் வச்சாங்க.

ஆனா ரெண்டு விஷயத்துக்கு மட்டும் வலி வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. பணம், நிலம்.

பணத்துல இருந்து வாரேன். மொத ஞாயிறுல இருந்தே காணிக்கைய ரெண்டு பேர் எண்ணணும், ரெண்டு பேரும் ஒரே வீடா இருக்கக் கூடாது, மச்சான் மாப்ளெயும் கூடாது. எண்ணுன உடனே அங்கயே ஒரு நோட்டுல தேதி, தொகை, ரெண்டு கையெழுத்து. வீட்டுக்கு கொண்டு போய் எண்ணிக்கலாம்ங்கிற பேச்சே வேண்டாம். நம்ம ஊர்ல இன்னொரு வரவு இருக்கு, ஏலம். ஆராதனை முடிஞ்சு முட்டை, கோழி, வாழக்குலை, மொதல்ல காய்ச்ச தேங்கான்னு ஏலம் போடுவோம், 20 ரூவா தேங்கா 500க்கு போகும், எடுத்தவரு "அடுத்த வாரம் தாரேன்"னு போயிருவாரு. அந்த கடன எழுதாம விட்டு தான் எங்க சபைல மொத மனஸ்தாபமே வந்துச்சு, ஒரு வாழக்குலைக்கு ரெண்டு குடும்பம் ஆறு மாசம் பேசல. ஏலத்துக்கு தனி நோட்டு போடுங்க.

அடுத்தது க்யூஆர் கோடு. இப்ப யாரும் கையில ரூவா வச்சுக்கிறதில்ல, பிரசங்க மேடை பக்கத்துல ஒரு க்யூஆர் ஒட்டியிருக்கும், ஸ்கேன் பண்ணுனா பாஸ்டரம்மா பேரு வரும். அந்தம்மா தங்கமான ஆளா இருக்கலாம், பிரச்சனை அது இல்ல, அந்த அக்கவுண்ட்ல தான் மளிகைக்கடை பணமும் போகுது பிள்ளைங்க பீஸும் போகுது, வருஷக் கடைசில எது சபைப் பணம் எது வீட்டுப் பணம்னு அந்தம்மாவுக்கே தெரியாது, நாளைக்கு வருமான வரிக்காரன் கேட்டா மொத்தமும் அவிய வருமானம்னு தான் நிக்கும். பதிவு பண்ணாத சபை பேர்ல பேங்க் அக்கவுண்ட் லேசுல கிடைக்காது, பேப்பர் கேப்பான். அதுவரைக்கும் பாஸ்டர் குடும்பத்துல இல்லாத ரெண்டு பேர் பேர்ல ஜாயிண்ட் அக்கவுண்ட், ரெண்டு கையெழுத்தும் இருந்தா தான் பணம் எடுக்க முடியும்ங்கிற மாதிரி, சபைக்கு மட்டும்னு ஒண்ணு தொறந்துக்கோங்க. இது தற்காலிகம் தான், வரவு கூடக் கூட பதிவு பக்கம் போயிரணும்.

பாஸ்டருக்கு மாசம் எவ்வளவுன்னு எழுதி வச்சிருங்க. 6000 ஆனாலும் சரி 16000 ஆனாலும் சரி. வர்ற காணிக்கை எல்லாம் பாஸ்டருக்கு, அவரே வாடகையும் குடுத்துக்குவாருங்கிறது கேக்க பக்தியா இருக்கும், ஆனா மழை மாசத்துல ரப்பர் வெட்டு இல்லாம காணிக்கை பாதியாகும்போது அவரு பிள்ளைங்க தான் பட்டினி கிடக்கும், கூட்டம் நெறஞ்ச மாசம் அவரு புது பைக் வாங்குனா நாலு பேர் புறணி பேசுவான். தொகை எழுதியிருந்தா ரெண்டும் இல்ல.

அப்புறம் வெளிநாட்டுப் பணம், நம்ம ஆளுங்க பாதிப் பேரு கல்ஃப்ல தான இருக்கான். இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கவன் துபாய்ல சம்பாதிச்ச தன் சொந்தப் பணத்த பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடைன்னு வராது, தைரியமா வாங்கி ரசீது குடுங்க. அதே ஆளோட அண்ணன் அமெரிக்கா போய் அந்த ஊர் குடியுரிமை எடுத்திருந்தா, நம்ம கருங்கல்ல பொறந்தவனே ஆனாலும், அவன் பணம் வெளிநாட்டுப் பணம். அதுக்கு எஃப்சிஆர்ஏ, அதான் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவு வேணும், அந்த பதிவுக்கு பொதுவா அமைப்பு தொடங்கி 3 வருஷம் ஆகியிருக்கணும், அந்த 3 வருஷத்துல 15 லட்சம் ரூவா நல்ல காரியத்துக்கு செலவழிச்ச கணக்கு காட்டணும். 14 குடும்பத்துக்கு நடக்கிற காரியமா? அதுனால அந்த அண்ணன் கிட்ட நன்றி சொல்லிட்டு வேண்டாம்னுருங்க. பாஸ்டர் அக்கவுண்டுக்கு போட்டுரலாம்னு ஒருத்தன் யோசனை சொல்லுவான், அந்த ஆள மட்டும் எந்தக் கமிட்டிலயும் போடாதிய.

இனி நிலம். இத எழுதும்போது எனக்கு இப்பவும் வயித்தெரிச்சல் தான். நான் இருந்த சபைல 11 சென்ட் வாங்குனோம், ரப்பர் பால் விக்கிற பொம்பளைங்க 100, 200ன்னு குடுத்த காசு, ஒருத்தி கம்மல கழட்டிக் குடுத்தா. டிரஸ்ட் போட நேரமில்ல, விக்கிறவன் அவசரப்படுத்தினான், "இப்போதைக்கு பாஸ்டர் பேர்ல முடிப்போம், அப்புறம் மாத்திக்கலாம்"னு எல்லாருமா சேந்து தான் முடிவு பண்ணோம், நானும் தலையாட்டுனவன். ஆறு வருஷம் யாரும் மாத்தல, மாத்தணும்னா திரும்ப பத்திரச் செலவு, முத்திரைத் தீர்வை மட்டுமே 7 சதவீதம், பதிவுக் கட்டணம் தனி, இந்த வருஷம் வேண்டாம் அடுத்த வருஷம்னு தள்ளிட்டே போனோம். அவரு திடீர்னு நெஞ்சு வலில போயிட்டாரு. உயில் இல்ல. இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைங்களுக்கு, சட்டத்துக்கு அது சபை நிலம்னு தெரியாது. அவரு மோசக்காரரு இல்ல, நல்ல மனுஷன். பிள்ளைங்க வெளியூர்ல, அதுல ஒருத்தனுக்கு கடன். பவர் எழுதி வாங்கியிருக்கோம்ன்னு ஒருத்தரு பேப்பர் கொண்டு வந்தாரு, எழுதிக் குடுத்தவரு செத்தா பவரும் அதோட செத்துப் போகும்னு வக்கீல் சொன்ன அன்னைக்கு தான் எங்களுக்கே தெரியும். இப்ப அந்த 11 சென்ட்ல புல்லு வளந்து நிக்குது.

அதுனால நிலம் வாங்குறதுக்கு முன்னாடி பதிவு. நிலம் வாங்காத வரைக்கும் பதிவுக்கு அவசரம் இல்லன்னு கூட சொல்லுவேன், ஆனா அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முந்தின நாளு பதிவு முடிஞ்சிருக்கணும்.

டிரஸ்டா சொசைட்டியான்னு கேப்பிய. டிரஸ்ட் எளிசு, பத்திரம் எழுதி சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல பதிஞ்சா முடிஞ்சுது, வருஷா வருஷம் எலக்ஷன் கெடையாது. கொறை என்னன்னா டிரஸ்டியா உக்காந்தவன லேசுல கெளப்ப முடியாது, பத்திரத்துல எழுதியிருக்கணும், இல்லன்னா கோர்ட்டுக்கு தான் போகணும். நான் பாத்த முக்காவாசி சபை டிரஸ்ட்ல பாஸ்டர், அவரு மனைவி, மச்சான், மூணு பேரு தான் டிரஸ்டி, அது குடும்பச் சொத்துக்கு வேற பேரு. சொசைட்டின்னா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, கொறஞ்சது 7 பேர் சேரணும், நிர்வாகக் குழுல கொறஞ்சது 3 பேர், அவிய காலம் 3 வருஷத்துக்கு மேல போகக் கூடாது, வருஷம் ஒருக்கா பொதுக்குழு போட்டு மாவட்டப் பதிவாளர் கிட்ட கணக்கும் பட்டியலும் குடுக்கணும். ஜனங்க கையில அதிகாரம் இருக்கும், ஆனா பேப்பர் வேலை செய்ய ஒரு ஆளு வேணும், ரெண்டு மூணு வருஷம் குடுக்காம விட்டா தலைவலி. என் அபிப்பிராயம், 30 குடும்பத்துக்கு கீழ டிரஸ்ட் போதும், ஆனா 5 டிரஸ்டி, ஒரு வீட்டுல இருந்து ஒருத்தருக்கு மேல கெடையாது, பாஸ்டர் குடும்பத்துல இருந்து அவரு மட்டும், 5 வருஷம் ஆனா ரெண்டு பேர் மாறணும், டிரஸ்ட் கலைஞ்சா சொத்து இதே நோக்கம் உள்ள இன்னொரு டிரஸ்டுக்கு தான் போகணும்ங்கிற நாலு வரியும் பத்திரத்துல இருக்கணும். எழுதுறவரு பழைய டிரஸ்ட் பத்திரத்துல பேர மட்டும் மாத்தித் தருவாரு, விடாதிய, ஒக்காந்து வரி வரியா படிங்க. காணிக்கை குடுக்கிறவங்களுக்கு வரிச்சலுகை கிடைக்கிற 80ஜி வாங்கித் தாரேன்னு ஆடிட்டர் யாராவது சொன்னா கேட்டுக்கோங்க, ஆராதனை மட்டும் நடத்துற சபைக்கு அது கிடைக்காது.

மூணாவதா ஒரு வழியும் இருக்கு, தனியா நிக்காம பெரிய சபை ஒண்ணுல சேந்துக்கிறது. சிஎஸ்ஐ மாதிரின்னா நிலம் சிஎஸ்ஐ டிரஸ்ட் அசோசியேஷன் பேர்ல போயிரும், பாஸ்டர் செத்தாலும் மாறுனாலும் கட்டடம் நிக்கும், ஆனா ஐயரு யாரு வருவாருன்னு நீங்க முடிவு பண்ண முடியாது. சிலருக்கு அது கொள்ளாம், சிலருக்கு அதுக்காகத் தான் வெளிய வந்ததே.

ஆள் கணக்குப்படி சொல்லச் சொன்னா இப்படிச் சொல்லுவேன். 10 குடும்பம் வரைக்கும் கமிட்டின்னு பேரே வேண்டாம், எண்ணுறதுக்கு ரெண்டு பேரு, மாசம் ஒருக்கா ஆராதனை முடிஞ்சு கட்டஞ்சாயா குடிச்சுட்டே வரவு செலவ எல்லாருக்கும் வாசிச்சு காட்டுறது, முடிஞ்சுது. 10ல இருந்து 30 வரைக்கும் அஞ்சு பேரு போதும், அதுல பொருளாளர் ஒருத்தருக்கு மட்டும் பதவிப் பேரு, மத்தவங்க சும்மா கமிட்டி ஆளுங்க. 30 தாண்டினா பாஸ்டரால எல்லா வீட்டுக்கும் போக முடியாது, அங்க தான் கத்தோலிக்க சகோதரங்க கிட்ட படிக்கணும். கோட்டாறு மறைமாவட்டத்துல அன்பியம்னு வச்சிருக்காவல்ல, பக்கத்து பக்கத்து வீடுங்கள கூட்டமா பிரிச்சு, சாவு, சீக்கு, கல்யாணம் எல்லாம் மொதல்ல அன்பியத்துக்குத் தான் தெரியும், அங்க இருந்து ஆளு பங்குப் பேரவைக்கு போவான். மேல இருந்து கீழ பதவி குடுக்கிறதுக்கு பதிலா கீழ வீடு வீடா பாக்கிற ஆள் யாருன்னு பாத்து அவன மேல கொண்டு வர்றது. உங்க வீட்டு ஜெபக்கூட்டங்களே அந்த வேலைய செய்யும், பேரு மட்டும் வைங்க.

யார போடுறதுன்னா, ஆராதனைக்கு வர்றதுல முக்காவாசி பொம்பளைங்க, கமிட்டில அஞ்சு பேரும் ஆம்பளைங்க, இது எந்த ஊரு நியாயமோ. எங்க சபைல நான் பாத்த ஒழுங்கான கணக்கு நோட்டு ஒரு அக்காவோடது, மகளிர் குழுல 12 வருஷம் நோட்டு எழுதுனவ. சுய உதவிக் குழுல வாரா வாரம் 20 பேர் முன்னாடி கணக்கு சொல்லி பேங்க் காரன் கிட்டயும் பதில் சொல்லிப் பழகுன பொம்பளைய விட்டுட்டு, பேன்ட் சட்ட போட்டவனுங்கிறதுக்காக ஒருத்தன பொருளாளரா போடுறது சுத்த முட்டாள்தனம்.

ஓய்வுநாள் பாடசாலை இருந்தா ஒரு விதி எழுதிப் போட்டுருங்க, எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளை கூட தனியா கதவு சாத்துன ரூம்ல இருக்கக் கூடாது, எப்பவும் ரெண்டு பேர். தப்பு ஏதாவது நடந்ததா தெரிஞ்சா கமிட்டில வச்சு பேசி முடிக்கிற வேலையே கெடையாது, 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சவன் போலீஸ்ல சொல்லணும், சொல்லாம மறைச்சா அதுவே குத்தம். குழந்தைங்க உதவி எண் 1098க்கு கூட கூப்பிடலாம்.

கல்யாணமும் அடக்கமும் யாரும் யோசிக்காத ரெண்டு. கல்யாணத்துக்கு சபைல ரிஜிஸ்டர் வச்சா மட்டும் போதாது, 2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள்ள அரசுப் பதிவும் பண்ணணும், அத ஞாபகப்படுத்த ஒரு ஆள் பேர எழுதிக்கோங்க. அடக்கம் தான் கஷ்டம். பழைய சபைய விட்டு வந்தவனுக்கு அங்க கல்லறைத் தோட்டத்துல எடம் தருவாங்களா மாட்டாங்களாங்கிறது பொணத்த வாசல்ல வச்சுக்கிட்டு பேசுற விஷயம் இல்ல. மேக்க சில வீடுகள்ல வீட்டு பக்கத்து சொந்த நிலத்துலயே அடக்குவாவ, அது எல்லா எடத்துலயும் நடக்காது, பஞ்சாயத்துல என்ன சொல்றாவன்னு இப்பவே போய் கேட்டு வச்சிருங்க.

கட்டடமும் மைக்கும் கூட இப்பவே யோசிச்சு வைக்க வேண்டிய விஷயம். வழிபாட்டுக் கட்டடம் கட்டணும்னா கலெக்டரோட முன் அனுமதி வேணும், வீட்டுக்கு பிளான் வாங்கிட்டு சபையா மாத்துனா எவனாவது மனு குடுப்பான். 1982ல மண்டைக்காட்டு இந்து-கிறிஸ்தவ கலவரத்துல என்ன நடந்துச்சுன்னு நம்ம அப்பா அம்மா கிட்ட கேட்டா தெரியும், அதுக்கப்புறம் வேணுகோபால் ஆணையம் வேற வச்சு விசாரிச்சாவ, இந்த மாவட்டத்துல அதிகாரிங்க இந்த விஷயத்துல ரொம்ப உஷாரா இருக்கிறதுக்கு அது ஒரு காரணம். ராத்திரி 10 மணியில இருந்து காலைல 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதில பகல்ல 55 டெசிபல் தான் அளவு. அக்கம்பக்கத்துக்காரங்க கிட்ட போய் பேசுற ஒரு ஆள் கமிட்டில இருக்கணும், குரல் தாழ்ந்த ஆளா, டீக்கடைல எல்லாரும் மதிக்கிற ஆளா. பொருளாளர் போக இந்த ஒரு பதவிக்கு மட்டும் நான் பேர் வைக்காம விடமாட்டேன், எந்த இணைச் செயலாளரயும் விட இது முக்கியம்.

கடைசியா அந்த குலசேகரம் தம்பி நேத்து திரும்ப கூப்பிட்டான். பட்டியல் 11ல இருந்து 6 ஆயிருச்சாம், மீடியா பொறுப்ப எடுத்ததுக்கு ஒரு பையன் கோவிச்சுக்கிட்டானாம். பாஸ்டர் ஆஸ்பத்திரில கிடக்கிற கணக்க போட்டுப் பாத்தியான்னு கேட்டேன். போட்டோம்ணே, எல்லாத்துக்கும் ரெண்டாவது ஆள் போட்டாச்சு, ஆனா ஹால் சாவி இப்பவும் ஒண்ணு தான், பாஸ்டர் பைக் சாவிக் கொத்துல தான் கிடக்குன்னான். திங்கள்சந்தைல பூட்டு வாங்கும்போது மூணு சாவி உள்ளதா கேட்டு வாங்குடான்னு சொல்லியிருக்கேன், ஒண்ணு அந்த நோட்டு எழுதுற அக்கா கிட்ட இருக்கட்டும்.